தொழுகைக்கு ஒரு சமன்பாடு

மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் நடுவில் சுண்டுவிரலின் பாதியளவே உள்ள ஒரு துண்டு இருக்கிறது. முகுளம் என்று பெயர். மூளைத்தண்டின் அடிப்பகுதி அது. இரத்த அழுத்தத்தை அது எப்படிக் காப்பாற்றுகிறது என்பதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினிக்குள் ஓடவிடுவதே என் உத்தியோகமாக இருந்தது. யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கெம்பஸில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் விளக்கப் போனால் கேட்டவருக்கே அழுத்தம் ஏறிவிடும்.

நாங்கள் கட்டிய அந்தக் கணினி மாதிரியை எடுத்துவிட்டு இப்போது வேறொன்று வைக்கப்போகிறார்கள். நோயாளிகளின் பதிவுகளைக் கொட்டினால் புதியது தானாகவே கற்றுக்கொள்ளுமாம். நல்லது, கற்கட்டும். நான் வேலை செய்த பிரிவின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று இளைய விரிவுரையாளர் ஒருவர் வெள்ளவத்தையில் என் வீடு தேடி வந்தார். "டெக்னிக்கலா வேண்டாம் மிஸ். ஆக்களைப் பற்றி எழுதுங்கோ" என்றார். ஆட்கள் இல்லாத டெக்னிக்கல் எந்தக் காலத்தில் இருந்தது என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் கொண்டுவந்த கேக் நன்றாக இருந்தபடியால் விட்டுவிட்டேன்.

நான் மருத்துவம் படித்தவளல்ல. கணிதத்தில் பட்டம் பெற்று, வேலை தேடி அலைந்து, உடற்றொழிலியல் பிரிவில் கணக்குத் தெரிந்த ஒருவர் தற்காலிகமாகத் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓய்வுபெறும் வரை அங்கேயே இருந்தேன். முதல் சில வருடங்கள் இதயத்துக்கு எத்தனை அறை என்று மாணவர்களிடமே திருட்டுத்தனமாகக் கேட்டுப் படித்ததில் போயின. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் மாதிரி செய்தது இதுதான். படுத்திருப்பவர் சட்டென்று எழும்பினால் இரத்தம் கால்களுக்கு இறங்கப் பார்க்கும். கழுத்து நாடிகளிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருநாடியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் உண்டு. அழுத்தம் குறைகிறது என்று அவை முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். முகுளம் இதயத்தை விரைவாக அடிக்கச் சொல்லும், இரத்தக் குழாய்களை இறுகச் சொல்லும். அழுத்தம் ஏறினால் இதற்கு நேர்மாறு. இதயம் சொன்னவுடன் கேட்கும், குழாய்கள் கொஞ்சம் சோம்பலாகத்தான் கேட்கும். அந்தச் சோம்பலைச் சமன்பாட்டில் சரியாக எழுதுவதிலேயே என் இளமையின் பெரும்பகுதி கழிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் பேராசிரியர் ரெஜி. மருத்துவர், கொட்டாஞ்சேனைக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர், மெல்லப் பேசுபவர். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. மாதிரியை ஓட்டுவதற்கு முன், வரப்போகும் வளைகோடு எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் பென்சிலால் வரைய வேண்டும். வரையாமல் கணினியில் கை வைக்க முடியாது. பென்சில்களைச் சவர அலகால் அவரே சீவுவார், சீவல்களைச் சோசரில் சேர்ப்பார். பிறகு கணினியின் வளைகோட்டையும் எங்கள் பென்சில் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரில் ஒட்டுவார். பிழையாக வரைந்தவரை ஏச மாட்டார். கோட்டின் முன் நின்று, "இதிலை கை ஏன் மேலை போனது?" என்று மட்டும் கேட்பார். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்பார். பதில் தேடி அன்று முழுக்க மண்டை காய்வோம். அப்படி என்னிடம் கேட்க இப்போது யாருமில்லை. ஓய்வுபெற்ற பிறகு சம்பளம் இல்லையே என்று நான் வருந்தியதில்லை. அந்தக் கேள்வி இல்லையே என்று வருந்தாத நாள் குறைவு.

சலீம் நானா எங்களிடம் வந்தது நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. கிராண்ட்பாஸில் ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கும் கடை வைத்திருந்தவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் அழைப்போம். பல வருடங்களுக்கு முன் தொண்டையில் வந்த கட்டியைக் கதிர்ச் சிகிச்சையால் கரைத்திருந்தார்கள். கட்டி போய்விட்டது. ஆனால் அந்தக் கதிர் கழுத்து நாடிகளின் உணர் நுனிகளையும் மெல்ல மெல்ல அழித்திருந்தது. முகுளத்துக்குச் செய்தி போகவில்லை, அவருடைய அழுத்தம் கட்டவிழ்ந்துவிட்டது. பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருக்கும்போது சுஜூதிலிருந்து, அதாவது நெற்றியை நிலத்தில் வைக்கும் நிலையிலிருந்து, எழும்பி மயங்கி விழுந்து புருவம் பிளந்தது. இன்னொரு நாள் லொறிக்காரனுடன் வாக்குவாதப்பட்டு அழுத்தம் எங்கேயோ ஏறி, மூக்கால் இரத்தம் கொட்டியது. இனிமேல் நிலத்தில் வேண்டாம், கதிரையில் உட்கார்ந்து தொழுங்கள் என்று ஆஸ்பத்திரி வார்ட்டில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் ரெஜி சேரிடம் வந்தது மருந்துக்காக அல்ல.

"டொக்டர்மார் நல்லதுக்குத்தான் சொல்றாங்க சேர்," என்றார் நானா. "கதிரையில இரிந்து தொழ மார்க்கத்துலயும் எடம் இரிக்கி. ஆனா எனக்கு நெத்திய நெலத்துல வெக்கோணும். அது இல்லாம தொழுதா, தபால் போட்டுட்டு முத்திர ஒட்ட மறந்த மாதிரி மனசு கெடந்து அடிச்சிக்குது."

"நானா, எழும்பேக்கை அழுத்தம் விழுந்தால் நீங்களும் விழுவீங்கள். குனிஞ்சிருக்கேக்கை ஏறினால் மூளையிலை குழாய் வெடிக்கலாம். அதைச் சொன்னவையா?"

"சொன்னாங்க. அதுதான் களவா வெக்காம ஒங்கள்ட்ட கேக்க வந்த."

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பென்சிலை எடு என்பது.

பாடநூல்களில் சாய்வு மேசை உண்டு. ஆளைப் படுக்கவைத்துப் பட்டியால் கட்டி மேசையை நிமிர்த்துவார்கள். தொழுகை எந்தப் பாடநூலிலும் இல்லை. நானாவை இருத்திக் கேட்டு எழுதினேன்: நிற்பது, குனிவது, மறுபடி நிற்பது, சுஜூது, இருப்பு, இன்னொரு சுஜூது, எழும்புவது. ஆய்வுகூடத்துத் தரையில் துவைத்த படுக்கை விரிப்பொன்றை விரித்தோம். ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தத்தை அளக்கும் சிறிய காற்றுப் பட்டியான கப்பை அவர் விரலில் மாட்டினோம். கை இதயத்தின் மட்டத்திலிருந்து ஏறி இறங்கினால் அந்தக் கருவி பொய் சொல்லும். அதைத் திருத்த மெல்லிய குழாய் ஒன்றை அவருடைய சட்டையில் பிளாஸ்டரால் ஒட்டினோம். சேர் ஒவ்வொரு நிலையையும் சொல்லச் சொல்ல நானா செய்தார்.

எதிர்பார்த்தபடியே எழும்பும்போது அழுத்தம் சரிந்தது. சேர் நானாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பதிவை எடுத்துக்கொண்டு போய், நானாவின் கழுத்து உணரிகளைச் சமன்பாட்டில் அணைத்து, பெருநாடியில் மிஞ்சியிருந்த கொஞ்ச உணர்வை மட்டும் விட்டு, ஒவ்வொரு நிலைக்கும் நேரத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். காலையைவிடப் பின்னேரம் நல்லது என்று தெரிந்தது. எழும்புவதற்கு முன் கொஞ்சம் இருந்துவிட்டு எழும்பினால் சரிவு பாதியாகக் குறைந்தது. ஆனால் தொழுகைக்குள் ஓர் இருப்பைப் புதிதாகச் செருக நான் யார்? தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

நானா சிரித்தார். "அது ஏலவே இரிக்கி மகள். எங்கட மத்ஹப் மொறையில ரெண்டாவது சுஜூதுக்குப் பொறகு கொஞ்சம் இரிந்துட்டுத்தான் எழும்புற. சுன்னத், நபி காட்டின வழி."

"அப்ப இங்கை ஏன் நானா இருக்காமல் எழும்பினீங்கள்?"

"சேர் எழும்புங்கன்னு சொன்னார், எழும்பின."

சேர் சீவிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்த இருப்போடு மறுபடி செய்து பார்த்தோம். கணினியின் கோடும் நானாவின் கோடும் அண்ணன் தம்பிபோல் ஒத்துப்போயின. மூவரும் மாலு பாண் வாங்கிச் சாப்பிட்டோம், பள்ளிவாசலுக்குப் போகத் தேதி குறிக்காத குறைதான். நானா மட்டும் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஆனா இது தொழுகையில்ல மகள். நான் நிய்யத் வெக்கல்லியே."

நிய்யத் என்றால் தொழுகிறேன் என்று மனதில் எண்ணம் வைப்பது. அது இல்லாவிட்டால் எவ்வளவு குனிந்து நிமிர்ந்தாலும் தேகப்பயிற்சிதான். நான் தலையாட்டினேன். உடம்பு அதே உடம்பு, நிலை அதே நிலை, இரத்தத்துக்கு நிய்யத் தெரியுமா என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். சேரும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனாலும் உண்மையான ஒரு தொழுகையை இங்கேயே பார்த்துவிட்டு அனுப்புவோம் என்றார்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகை. பீக்கர் கழுவும் தொட்டியில் நானா கை, முகம், கால் கழுவி உளூச் செய்தார். விரிப்பு கரும்பலகையைப் பார்த்துக் கிடந்தது. அவர் போனை எடுத்துத் திசை பார்த்து, அதைக் கடற்பக்கம் சற்று வடக்கே திருப்பினார். நாங்கள் வயர்களைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று. சட்டைப் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோடு ஓர் எல்லையைத் தாண்டினால் சேர் நிறுத்தச் சொல்வார், நானா உடனே நிறுத்த வேண்டும் என்று ஏற்கெனவே பேசியிருந்தோம். உயிருக்கு ஆபத்தென்றால் தொழுகையை முறிக்கலாம் என்று அவரும் மௌலவியிடம் கேட்டுவைத்திருந்தார். சேரும் நானும் பென்சிலால் வரைந்தோம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

நானா கைகளை உயர்த்தி, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொன்னார். கோடு ஏறத் தொடங்கிவிட்டது. அவர் இன்னும் குனியவில்லை, அசையவுமில்லை. வெறுமனே நின்றுகொண்டிருந்தார். நான் சட்டையில் ஒட்டிய குழாய் கழன்றுவிட்டதோ என்று பார்த்தேன். கழலவில்லை. குனிந்தார், ஏறியது. நிமிர்ந்தார், கொஞ்சம் தயங்கி மீண்டும் ஏறியது. பிறகு முழங்கால் மடித்து, கைகளை ஊன்றி, நெற்றியை நிலத்தில் வைத்தார்.

எத்தனை மாதத்துக்குப் பிறகு தொழுகையில் நெற்றியை வைக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அவருடைய முதுகு நடுங்கியது. கோடு எங்கள் பென்சில் கோட்டை எங்கோ கீழே விட்டுவிட்டு எல்லையைத் தொட்டது. சேருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கண்களை ஒரு கணம் மூடித் திறந்தார்.

"காணும் நானா, போதும். எழும்புங்கோ."

நானா எழும்பி அமர்ந்தார். முகம் சிவந்து, வியர்த்து, தாடி நனைந்திருந்தது. "வாக்குக் குடுத்த, அதனால எழும்பின," என்றார். கப்பைக் கழற்றும்போது அவர் விரல் என் கைக்குள் சூடாக இருந்தது. சேர் மருந்து கொடுத்து அழுத்தம் இறங்கியபின், நானாவின் மகன் வந்து முச்சக்கர வண்டியில் கூட்டிப்போனார். சேர் அன்று சுவரில் எதையும் ஒட்டவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டில் கை வைக்க முடியாமல் இருந்தேன். ஒரு மனிதனை அவன் ஆசைப்பட்ட இடத்திலிருந்து எழுப்பிவிட்டோமே என்று இருந்தது.

அடுத்த நாட்களில் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றம் தக்பீரோடு தொடங்கியிருந்தது. அப்படியானால் குற்றம் நிலையில் இல்லை. நமக்கும் நெஞ்சு நிறையும்போது அழுத்தம் ஏறத்தான் செய்யும். ஏறியதும் கழுத்து நாடிகள் சொல்லும், முகுளம் அடக்கிவிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நானாவுக்கு அடக்க ஆளில்லை. அவருக்கு ஆசை எவ்வளவு இருந்ததோ அவ்வளவும் அழுத்தமாக வெளியே வந்திருந்தது. ஒத்திகைகளில் அது வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதுபோல் அவை தொழுகைகள் அல்ல. பெருமூளையிலிருந்து முகுளத்துக்கு இறங்கும் உள்ளீடு ஒன்றைச் சமன்பாட்டில் சேர்த்தேன். கோடு பொருந்தியது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பென்சிலால் ஒரு கோடு வரைந்து சேரிடம் கொண்டுபோனேன். நானா வாரம் ஒருமுறை இங்கே தொழுதால், ஒவ்வொரு கிழமையும் முந்திய கிழமையைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் ஒத்திகைக் கோட்டோடு போய்ச் சேரும் வளைகோடு.

சேர் அதன் முன் நின்றார். "கை ஏன் கீழை போனது?"

"கிடைக்காததாலைதான் இந்த ஆசை இவ்வளவு பெரிசு சேர். கிடைக்கக் கிடைக்கச் சின்னனாகும். இங்கை, எங்கட கண்ணுக்கு முன்னாலை, கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தால்..."

"இது முகுளத்தைப் பற்றினதில்லை. மனுசரைப் பற்றின ஊகம்."

"ஓம் சேர்."

"பிழைச்சுப்போனால் ஒரு உயிர் போகும்."

"ஓம் சேர்."

அவர் பென்சிலை வாங்கி என் கோட்டின் பக்கத்திலேயே தன் கோட்டை வரைந்தார். அது என்னுடையதைவிட மெதுவாக இறங்கியது. "அவரைக் கேட்டுப் பார்ப்பம்," என்றார்.

நானா சம்மதித்தார் என்று சொல்லத் தேவையில்லை. சேர் மருந்தை மாற்றினார். வாரத்தில் ஒரு பின்னேரம் அஸருக்கு எங்களிடம் வருவது என்று ஏற்பாடு. முதலில் நிய்யத் வைத்துத் தக்பீர் சொல்வது மட்டும் நின்றபடி, மிச்சமெல்லாம் கதிரையில். பல வாரங்கள் அப்படியே போயின. பிறகு குனிவது. அதன் பிறகே சுஜூது, ஒரு தொழுகைக்கு ஒன்று. கோடு ஏறும் நாட்களில் சேர் நிறுத்தச் சொல்வார், நானா நிறுத்துவார், முகம் சுண்டிப்போகும். தேத்தண்ணி குடித்துவிட்டு, பூட்டு விலை பற்றி என்னுடன் கதைத்துவிட்டுப் போவார். அந்தப் பின்னேரங்களுக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன். யன்னலால் வெயில் சாய்ந்து விரிப்பில் விழும். சேர் ஒரு கையைத் திரையின் அருகே வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார். மூன்று பேரும் ஒரே கோட்டையே நினைத்துக்கொண்டிருப்போம். அதுபோல் யாரோடும் ஒன்றாக இருந்ததாக எனக்கு வேறு ஞாபகம் இல்லை.

கோடு இறங்கியது. நான் வரைந்ததுபோலவும் இல்லை, சேர் வரைந்ததுபோலவும் இல்லை, இடையில் சில கிழமைகள் முரண்டு பிடித்தது. ஆனால் இறங்கியது. ஒரு நாள் நானா அஸரை முழுவதுமாக, ஒரு சுஜூதும் குறையாமல், தொழுது ஸலாம் கொடுத்து முடித்தார். ஆரம்பத்திலிருந்து இறுதிவரை கோடு ஒத்திகைக் கோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. சேர் எழும்பி அவருடைய கையைப் பிடித்தார்.

"நானா, இனிப் பள்ளிக்குப் போகலாம். இப்போதைக்கு அஸருக்கு மட்டும். மகனைப் பக்கத்திலை நிக்கச் சொல்லுங்கோ."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் நானா. சேரைக் கட்டிப்பிடித்தார். அவருடைய மகன் கொண்டுவந்த வட்டிலப்பத்தை எல்லோரும் சாப்பிட்டோம். பிறகு சேர் வேறு வேலையாக வெளியே போக, நான் கப்பைக் கழற்றினேன். நானா தொப்பியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, விரிப்பைப் பார்த்தார்.

"சந்தோசமா நானா?"

"ஏன் இல்ல மகள். எல்லாரும் தொழுற மாதிரி தொழுதுட்டேன். வேற என்ன வேணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா அண்டைக்கு நீங்க எழும்பச் சொன்ன அந்த சுஜூது இரிக்கே, அது மாதிரி ஒண்டு இனி வராது."

அந்த ஏற்றத்தை இறக்குவதற்காகத்தான் அத்தனை மாதம் பாடுபட்டோம். இறக்கியும்விட்டோம். அதில் சந்தேகமின்றி ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது. அந்த முதல் கோட்டை நான் அதற்குப் பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அவர் சொன்னது சரி, அதுபோல் ஒன்று மறுபடி வரவேயில்லை.

ரெஜி சேர் இப்போது இல்லை. நானா பல வருடம் அஸருக்குப் பள்ளிவாசல் போய்வந்து, ஒரு நாள் தூக்கத்தில் போய்விட்டதாக மகன் சொன்னார். பிரிவின் இன்றைய தலைவி அவ்வப்போது போன் எடுப்பார். நல்ல பெண்.

"கிழமைக்கு ஒருக்கா சும்மா வந்து இருங்கோவன் மிஸ். உங்கட மேசை அப்பிடியே இருக்கு. வந்து போய்க்கொண்டிருந்தால் இந்த ஏக்கமெல்லாம் ஆறிப்போகும்."

ஆறும். எனக்குத் தெரியாதா? கிழமைக்கு ஒருமுறை போனால் ஏக்கம் எப்படி இறங்கும் என்று வரைந்து காட்டியவளே நான்தான். அதனால்தான் இன்னும் போகவில்லை.